காரெக் கோக் மலையில் விழுந்த வெல்லிங்டன்

1944ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி இரவு, இங்கிலாந்திலுள்ள ஸ்ட்ராட்ஃபோர்ட் விமானத் தளத்திலிருந்து வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று பயிற்சிக்காகக் கிளம்பிற்று. எம்.எஃப்.509 என்பது அதன் எண். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்கு அருகிலிருந்த அத்தளம், பிரிட்டிஷ் விமானப்படையின் 22ஆவது பயிற்சிப் பிரிவின் பொறுப்பில் இருந்தது. விமானத்தில் சென்றவர் அறுவர். அறுவரும் கனடா நாட்டினர். பகைவர் நாட்டின்மீது செல்வது அன்று அவர்கள் வேலையன்று. இருளில் வழியறிந்து நெடுந்தூரம் பறந்து, புறப்பட்ட இடத்திற்கே மீள்வதுதான் அவர்களுக்கு இடப்பட்ட பாடம். அவர்கள் மீளவில்லை. வேல்ஸின் தென்பகுதியிலுள்ள காரெக் கோக் மலையில் விமானம் மோதி, அறுவரும் மாண்டனர்.

வலப்புற என்ஜினில் கோளாறு ஏற்பட்டு, மேகத்தினூடே விமானம் தாழ்ந்து வந்தபோது மலைச்சரிவில் மோதியது என்று விபத்துக்குக் காரணம் கூறப்படுகிறது. அம்மலையின் உயரம் சுமார் 1,830 அடி மட்டுமே. இமயத்தை அறிந்தவர்களுக்கு இது ஒரு மேடாகவே தோன்றும். இத்துணைத் தாழ்ந்த மலையைச் சிப்பந்திகள் அறியாமற் போனது எங்ஙனம்? விமானத்திலிருந்த உயரமானியின் இயல்பை ஆராய்ந்தால் இதற்கு விடை ஓரளவு கிடைக்கும்.

அக்காலத்து உயரமானி உண்மையில் ஒரு பாரமானியே. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது; கடல் மட்டத்தை அடுத்த பகுதியில், ஏறத்தாழ 30 அடிக்கு ஒரு மில்லிபார் வீதம் அது குறையும். காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இம்மாறுதலுக்கேற்ப விரிந்து, முள்ளை நகர்த்துகிறது. ஆகவே அம்முள் காட்டுவது, குறிப்பிட்டதோர் அழுத்த நிலையிலிருந்து கணக்கிட்ட உயரமேயன்றித் தரையிலிருந்து உள்ள உயரம் அன்று. கீழே கடல் இருப்பினும் மலை இருப்பினும் முள்ளுக்கு வேறுபாடில்லை. மேலும், புறப்பட்ட இடத்தைவிட 10 மில்லிபார் அழுத்தம் குறைந்த பிரதேசத்துக்குள் விமானம் நுழையுமாயின், மானி உண்மையைவிட ஏறக்குறைய 300 அடி மிகுதியாகக் காட்டும். விமானி தாம் பத்திரமான உயரத்தில் இருப்பதாகவே நினைப்பார்.

எனவே தரை எவ்வளவு அருகில் உள்ளது என்பதை அறிய, முதலில் விமானம் எவ்விடத்தின்மேல் உள்ளது என்பதை அறிதல் வேண்டும். வேகம், திசை, கடந்த நேரம் ஆகியவற்றுடன் காற்றின் போக்கையும் சேர்த்து, வழிகாட்டி தம் இடத்தைப் படத்தில் குறிப்பார். இதில் சிரமம் தருவது காற்றே. மணிக்கு 20 மைல் வேகமுள்ள காற்றைக் கணக்கில் சேர்க்கத் தவறினால், ஒரு மணி நேரத்தில் விமானம் 20 மைல் விலகிவிடும். சமவெளியில் இருப்பதாக எண்ணித் தாழ இறங்குபவர் மலைமேல் இருக்கலாம். போர்க்காலத்தில் விளக்குகள் மறைக்கப்பட்டிருந்தமையால், கீழே நோக்கிப் பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அரிது. விமானத் தளங்களை அடையாளம் காட்டச் சிவப்பு விளக்குகள் மட்டும் இரண்டெழுத்துச் சங்கேதத்தை மின்னிக்கொண்டிருந்தன. அவற்றிற்குப் ‘பண்டிட்’ என்று பெயர். நம் நாட்டுச் சொல் அங்கே எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது! ஆனால் மேகம் சூழ்ந்தால் பண்டிதரும் கண்ணுக்குத் தெரியார்.

வானொலி அலையைக் கீழே அனுப்பித் தரையின் தூரத்தை நேரே அளக்கும் உயரமானியும் போர்க்காலத்திலேயே இருந்தது. எனினும் நேர்கீழே உள்ள தரையையே அது காட்டும். எதிரே எழும் சரிவைக் காட்டாது. தரை விரைவாக நெருங்குவதைக் கணித்து எச்சரிக்கும் கருவி 1970களில்தான் பயணி விமானங்களில் பரவிற்று. உலகின் மலைகளையெல்லாம் நினைவில் கொண்டு, எதிரிலுள்ளதை முன்கூட்டியே அறிவிக்கும் கருவி வந்தது 1990களில்.

காரெக் கோக் விபத்து தனித்ததொன்று அன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் உயிர்நீத்த 55,573 பேரில், 5,000க்கும் மேற்பட்டோர் பயிற்சி விபத்துகளில் மாண்டவர்கள். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் வெல்லிங்டன்கள் அப்படையின் முன்னணிப் பணியிலிருந்து விலக்கப்பட்டபோதிலும், பயிற்சிப் பிரிவுகளில் தொடர்ந்து உழைத்தன. அனுபவமற்ற சிப்பந்திகள், ஓயாது பறந்த விமானங்கள், குளிர்கால இரவு, மலைநாட்டு மேகம் ஆகிய நான்கும் ஒன்றுகூடும்போது சிறு கோளாறும் பெரிதாகிவிடும். என்ஜின் சரியாக இயங்கியிருப்பின் மேகத்திற்குள் தாழ்ந்துவர நேர்ந்திராது. தாழ்ந்தபோது கீழே சமவெளி இருந்திருப்பின் உயிர் பிழைத்திருக்கவும் கூடும்.

வெல்லிங்டனின் உடலமைப்பு பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியியல் அறிஞரின் ஆக்கம். டூராலுமின் என்ற அலுமினியக் கலவைப் பட்டைகளைக் கூடை பின்னுவதுபோல் குறுக்கும் நெடுக்கும் வளைத்துப் பிணைத்து, அதன்மேல் துணி போர்த்தினர். ஒரு பட்டை அறுந்தாலும் அதன் பளுவைப் பிற பட்டைகள் ஏற்கும். குண்டடிபட்டுப் பெரிய துளைகளுடன் அவ்விமானங்கள் வீடு திரும்பியது இதனால்தான். பாறையில் நேரே மோதும் வேகத்தை மட்டும் எந்தப் பின்னலும் தாங்காது.

காரெக் கோக் என்பதற்கு வேல்ஸ் மொழியில் ‘சிவந்த கல்’ என்று பொருள். அறுவரும் செஸ்டர் நகரில் கனடிய வீரர்கள் பலர் துயிலும் பிளேகன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். மலையில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. துணி என்றோ மக்கிவிட்டது. வாலிஸின் உலோகப் பின்னல் துண்டுகள் மட்டும் பாறைகளுக்கிடையே இன்றும் கிடக்கின்றன.