சனி, ஞாயிறு முட்டை நம் பிள்ளைகளுக்கு

திண்டிவனம் வட்டத்தில் ஒரு காலனி. மூன்று சென்ட் மனையில் ஒவ்வொன்றாக நிற்கும் தொகுப்பு வீடுகள். கடைசி வீட்டின் புழக்கடையில் பெரிய மூங்கில் கூடை ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு தாய்க்கோழியும் ஒன்பது குஞ்சுகளும். கூடையைச் சுற்றிப் பழைய மீன் வலையில் வேலி.

வீட்டுக்காரர் கட்டட வேலைக்குச் சென்னை போய்விட்டால் திரும்ப ஒரு மாதம் ஆகும். அவர் மனைவி களையெடுப்பு, நடவு, நூறு நாள் வேலை என்று எது கிடைத்தாலும் போகிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன், வயதான மாமியார். இந்த ஐந்து பேர் கோழி வளர்க்கத் தொடங்கிய கதையைத்தான் இங்கே சொல்கிறோம்.

கோழி வளர்ப்பது நமக்குப் புதிதா என்று கேட்கலாம். அந்தப் பாட்டியிடம் நாங்களும் அதைத்தான் கேட்டோம். "நாங்க வளத்ததெல்லாம் ஆண்டை வீட்டுக் கோழிப்பா. வாரத்துக்குக் கொடுப்பாங்க. தீனி எங்களது, காவல் எங்களது. விருந்தாளி வந்தா நல்ல சேவலா அவங்க புடிச்சிக்கினு போயிடுவாங்க. கணக்குக் கேக்க வாய் ஏது?" என்றார். கோழியைப் பற்றி எல்லாம் தெரிந்த அவருக்குச் சொந்தமாக ஒரு கோழி இருந்ததில்லை.

மருமகள் போன ஆண்டு நூறு நாள் வேலைக் கூலியில் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினார். கோடையில் நோய் வந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, நான்கே நாளில் எல்லாம் போயின. மிஞ்சியது ஒரு பெட்டை. தெருவில் மற்ற வீடுகளிலும் இதே சாவுதான். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் இந்த நோய்க்குப் புத்தகத்தில் ராணிக்கெட் என்று பெயர். வைரஸ் கிருமியால் வருவது. வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுக்கத் தடுப்பூசி உண்டு. அரசு கால்நடை மருந்தகத்தில் அதற்குக் காசு இல்லை.

அந்த அம்மா மீண்டும் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினார். இந்த முறை கோழிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார். "ஆறு கோழிக்காக ஒரு பாட்டில் உடைக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொன்ன விதம் தவறு. ஆனால் அதற்குள் ஓர் உண்மையும் இருந்தது. தடுப்பூசி மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் வரும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியை வைத்திருந்து போட முடியாது.

நூறு கோழி ஒரு வீட்டில் இருக்காது. தெருவில் இருக்கும். மாலைப் பாடசாலை மாணவர்களோடு நாங்கள் வீடுவீடாக எண்ணினோம். 23 வீடுகளில் 112 கோழிகள். அந்தக் கணக்கோடு ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். அடுத்த வாரமே ஐஸ் பெட்டியோடு காலனிக்கு ஆள் வந்தார். விடியற்காலையில், கோழி திறந்துவிடும் முன்பே ஊசி போட்டு முடித்தார். "கால்நடைக்காரரு நம்ம தெருவுக்குள்ள வந்து நான் பாத்ததே இல்ல" என்றார் பாட்டி. இந்தக் கோடையில் அந்தத் தெருவில் ஒரு கோழிகூடக் கழிச்சலில் சாகவில்லை.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. வீட்டுக்கு வீடு ஒருவராவது இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை என்பதையும் சேர்த்து.

மகள் ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறாள். பொங்கலிலிருந்து ஏழு மாதத்தில் 5 பெட்டைகள் இட்டது 186 முட்டை. அடை வைத்தது 48, வீட்டில் சாப்பிட்டது 64, விற்றது 74. அடை வைத்ததில் 37 பொரித்தன. கீரியும் பருந்தும் கொண்டுபோனது போக வளர்ந்தவை 21. அதில் 6 சேவலை விற்றார்கள். முட்டையும் சேவலும் சேர்த்து வரவு 3,888 ரூபாய். கோழி வாங்கியது, கூடை, வலை, தீனி எல்லாம் சேர்த்துச் செலவு 3,850. போட்ட முதல் இப்போதுதான் திரும்பியிருக்கிறது. ஆனால் புழக்கடையில் 15 இளங்கோழிகள் கூடுதலாக மேய்கின்றன. கோழி வளர்த்தால் லட்சாதிபதி ஆகலாம் என்று காட்டும் வீடியோக்களை நம்புகிற இளைஞர்கள் இந்த நோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வியாபாரி கையால் தூக்கிப் பார்த்து "ஒரு கிலோதான் வரும்" என்பார். நாம் தலையாட்டுவோம். அந்த வீட்டில் ஒரு தொங்கு தராசு வாங்கிவிட்டார்கள். முதல் சேவல் ஒன்றேகால் கிலோ நின்றது. மாடு வளர்த்துப் பால் ஊற்றப் போனால் யார் வீட்டுப் பால் என்று கேட்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. சந்தைக்குப் போன முட்டையை அப்படி யாரும் கேட்பதில்லை. பணம் அந்த அம்மாவின் கைக்கு நேராக வருகிறது. போன மாதம் குழுக் கடனின் ஒரு வாரத் தவணையை முட்டைக் காசில் கட்டினார். அந்த வாரம் நிலக்காரரிடம் முன்பணம் கேட்கப் போகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நெல் வயல். ஒரு நாள் இரண்டு கோழி தாண்டிப் போய்விட்டது. "இன்னொரு தடவை வந்தா மருந்து வச்சிடுவேன்" என்று வயல்காரர் கத்திவிட்டுப் போனார். அதன் பிறகுதான் மீன் வலை வந்தது. மூன்று சென்ட்டில் வீடு, கழிப்பறை போகக் கோழி கிளற எவ்வளவு மண் மிஞ்சும்? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போன வரலாற்றை இந்தப் பத்தியில் பலமுறை பேசியிருக்கிறோம். ஐந்து கோழி வளர்க்கத் தொடங்கினாலும் அந்தக் கேள்வி வாசலில் வந்து நிற்கிறது.

கால்நடை பராமரிப்புத் துறை ஏழைப் பெண்களுக்கு மானிய விலையில் நாட்டுக்கோழிக் குஞ்சு தரும் திட்டங்களை நடத்திவருகிறது. பட்டியலில் நம் தெருப் பெண்களின் பெயர் இருக்கிறதா என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். படிக்கிற பிள்ளைகள் தங்கள் தெருவில் எத்தனை கோழி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள். நூறைத் தொட்டால் மனு எழுதுங்கள்.

கிளம்பும்போது ஒன்று கேட்டோம். முட்டைக்கு நல்ல விலை இருக்கும்போது 64 முட்டையை ஏன் வீட்டிலேயே சாப்பிட்டீர்கள்? மகள்தான் பதில் சொன்னாள். "ஸ்கூல்ல அஞ்சு நாள் தம்பிக்கு முட்டை போடுறாங்க. சனி, ஞாயிறு யாரு போடுவாங்க? அன்னிக்கி இடுற முட்டைய விக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. எனக்கும் ஒண்ணு உண்டு."

பாட்டிக்கு? என்றோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தவள் சிரித்துக்கொண்டே, "ஆயாவுக்கு ஞாயித்துக்கெழம மட்டும்" என்றாள்.