உச்சந்தலைக்கு நேரே கன்னிக் கொத்து

மே மாத நடுவில், இரவு 9 மணிக்குத் திருவொற்றியூர்க் கடற்கரையில் அண்ணாந்து பாருங்கள். உத்திர நட்சத்திரத்துக்குச் சற்றுக் கிழக்கே, ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக இருப்பது கன்னிக் கொத்து: ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள், சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில். நாம் 13 பாகை வட அட்சரேகையில் வாழ்வதால் வாய்த்த காட்சி இது. ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத் துறைமுக விளக்குகளை மட்டும் குறை சொல்ல முடியாது. கும்மிருட்டிலும் தொலைநோக்கி வேண்டும். 2019இல் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படம், இந்தக் கொத்தின் எம்87 கேலக்ஸியினுடையது.

பால்வீதியும் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமெடாவும் அடங்கிய நம் உள்ளூர்க் குழு, சென்னைக்கு எண்ணூர்போல, இந்தக் கன்னிக் கொத்தை மையமாகக் கொண்ட கன்னிப் பெருங்கொத்தின் ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பெருங்கொத்தே சுமார் 52 கோடி ஒளியாண்டு அகலமுள்ள லனியாகேயா என்ற இன்னும் பெரிய பெருங்கொத்தின் ஒரு பகுதிதான் என்று 2014இல் வானியலாளர்கள் வரைபடமிட்டுக் காட்டினார்கள்.