மருந்தும் நஞ்சும்: மின்முனை காட்டும் அளவு

லித்தியம் உப்பைச் சுடரில் காட்டினால் செந்நிறம் தோன்றும் என்று நாம் படித்திருக்கிறோம். அதே லித்தியம் மனநோய்க்கு மருந்தாகவும் பயன்படுகிறது. அளவு கடந்த மனக்கிளர்ச்சியால் துன்புற்றவர்கள் லித்தியம் உப்பினால் அமைதியடைந்ததை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. சமையல் உப்பைத் தவிர்க்க வேண்டியவர்கள் அதற்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தூவி உண்டனர். சிலர் இறந்தே போயினர்.

இரத்தத் தெளிநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் அது மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று நச்சுக்குறிகள் தோன்றலாம். இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள்!

மாத்திரையில் உள்ள அளவைக் காண்பது எளிது. 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட்டில் சுமார் 8.1 மில்லிமோல் லித்தியம் உண்டு. நம் ஆய்வகத்துப் பியூரெட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமுமே அதற்குப் போதும். ஆனால் விழுங்கிய பின் அக்கணக்கு நிற்பதில்லை. வயிற்றுப்போக்கினால் உடலில் சோடியம் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாத்திரை கூடாமலே இரத்தத்தில் அளவு ஏறிவிடும். எங்கள் தெருவில் பரிசோதனைச் சீட்டு வந்தால் படித்துச் சொல்லும் வேலை என்னுடையது. "மாத்திரை அதேதானே, எதற்கு மறுபடி இரத்தம்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இரத்தத்தில் அளக்க உதவும் வழிகளில் ஒன்று அயனி தேர் மின்முனை. ஒரு மெல்லிய சவ்வின் உட்புறம் செறிவு தெரிந்த லித்தியக் கரைசல்; வெளிப்புறம் நோயாளியின் தெளிநீர். ஒப்பீட்டு மின்முனையுடன் இணைத்து மின்னழுத்தத்தை அளந்தால், மற்றதை நெர்ன்ஸ்ட் சமன்பாடு சொல்லிவிடும். 25 டிகிரி செல்சியஸில் செறிவு பத்து மடங்கானால் 59 மில்லிவோல்ட் மாறும். இரு மடங்கானால் 59-ஐ 0.301-ஆல் பெருக்க வேண்டும், அதாவது சுமார் 18 மில்லிவோல்ட். 0.8 என்ற நல்ல அளவுக்கும் 1.6 என்ற ஆபத்தான அளவுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. தேர்வுக்காக உருப்போட்ட சமன்பாடு இது என்பதை நம்பவே முடியவில்லை!

தொல்லை சோடியத்தினால் வருகிறது. இரத்தத்தில் அது லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். சோடியத்தைவிட லித்தியத்தை 100 மடங்கு விரும்பும் சவ்வாக இருந்தாலும், அந்தச் சோடியம் 1.4 மில்லிமோல் லித்தியம் போல வேடம் போட்டுவிடும். மருந்தைவிட வேடம் பெரிது!

இங்கே கைகொடுத்தவை கிரௌன் ஈதர்கள். 1967-இல் இவற்றை வெளியிட்ட சார்லஸ் பெடர்சன், 1987-இல் வேறிருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 14-கிரௌன்-4 என்பது நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் கொண்ட 14 அணு வளையம். 0.76 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள லித்தியம் அயனி அதில் பொருந்தும், 1.02 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள சோடியம் பொருந்தாது. ஆனால் சோடியம், இரண்டு வளையங்களின் இடையே புகுந்துகொள்ளப் பார்க்கும். வளையத்தின்மேல் பருத்த தொகுதிகளை இணைத்து அவ்வழியையும் வேதியியலார் அடைத்தனர். அப்படியும் மிஞ்சுவதைக் கழிக்க, பக்கத்திலேயே ஒரு சோடியம் மின்முனையையும் வைப்பதுண்டு.

கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுப்பர். குழாயையும் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்கச் சில குழாய்களில் லித்தியம் ஹெப்பாரின் பூசப்பட்டிருக்கும். அந்த லித்தியத்தையும் மின்முனை எண்ணிவிடும். ஆகவே இச்சோதனைக்கு அக்குழாயை விலக்கி, பூச்சில்லாத குழாயில் எடுத்து, உறையவிட்டுத் தெளிநீரைப் பிரிக்கின்றனர்.