சாவி யார் கையில்?

(தொடர் - 9)

பிரவுசிங் சென்டர் கணினிகளின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யார் யாருடைய ஆதாரும் பான் கார்டும் பத்திர நகலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அடுத்து வரும் கேள்வி, நம் கணினியில் இருப்பதை எப்படிப் பூட்டுவது என்பதுதான்.

பலர் பூட்டுவதில்லை, ஒளிக்கிறார்கள். ஃபோல்டர் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைப்பது, ஹிட்டன் என்று டிக் அடிப்பது, கால்குலேட்டர் மாதிரி வேஷம் போட்ட ஆப்புக்குள் படங்களைப் போடுவது எல்லாம் இந்த ரகம். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்று கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்தால் புள்ளி வைத்ததும் டிக் அடித்ததும் வெளியே வந்துவிடும். கால்குலேட்டர் வேஷத்தைப் பத்தாம் வகுப்புப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். ஒளித்தது யாருக்காவது கிடைத்தாலும் படிக்க முடியாதபடி இருக்க வேண்டும். அதற்குத்தான் என்கிரிப்ஷன்.

இதற்குத் தனியாக சாஃப்ட்வேர் போட வேண்டியதில்லை. பிரவுசரிலேயே செய்யலாம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, பிரவுசருக்குள் என்கிரிப்ஷன் நடப்பதற்கான தரத்தை 2017 ஜனவரியில் இறுதி செய்தது. 2001இல் அமெரிக்க அரசு தன் தரமாக ஏற்றுக்கொண்ட ஏ.இ.எஸ். முறை அதில் இருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள். ‘ஹேட்.எஸ்எச்’ போன்ற சில கருவிகள் ‘லிப்சோடியம்’ என்ற வேறொரு நிரல் தொகுப்பைக் கொண்டு இதே வேலையைச் செய்கின்றன. பயன்படுத்துவது எளிது. பக்கத்தைத் திறந்து கோப்பைக் காட்டிப் பாஸ்வேர்டு கொடுத்தால், பூட்டிய நகல் ஒன்று டவுன்லோட் ஆகும். உங்கள் கோப்பு எங்கள் சர்வருக்கு வருவதே இல்லை என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இன்காக்னிட்டோ விண்டோவில் பக்கத்தைத் திறங்கள். முழுதும் வந்ததும் வைஃபையை அணைத்துவிட்டுக் கோப்பைப் பூட்டுங்கள். ஒழுங்கான கருவி நெட் இல்லாமலே வேலையை முடிக்கும். பிறகு விண்டோவை மூடிவிட்டு நெட்டைப் போடுங்கள். நெட் இல்லாமல் நகராத கருவி என்றால் அதில் உங்கள் பத்திரத்தைக் காட்டாதீர்கள்.

இந்த முறை சரியாக அமைந்தால் எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பதற்கு ‘ஃபயர்பாக்ஸ் சென்ட்’ நல்ல சாட்சி. ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மோஸில்லா 2019 மார்ச்சில் எல்லோருக்கும் திறந்துவிட்ட இலவசச் சேவை அது. கோப்பு உங்கள் பிரவுசரிலேயே பூட்டப்பட்டு சர்வருக்குப் போகும். சாவி, லிங்கின் கடைசியில் # குறிக்குப் பின்னால் இருக்கும். லிங்கில் # குறிக்குப் பிந்தைய பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதில்லை. ஆக, கோப்பு மோஸில்லாவிடம், சாவி லிங்க் வைத்திருப்பவரிடம். உள்ளே என்ன இருக்கிறது என்று மோஸில்லாவுக்கே தெரியாது. வைரஸ் பரப்புகிறவர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. 2020 ஜூலையில் சேவையை நிறுத்திவைத்தார்கள், செப்டம்பரில் மூடியே விட்டார்கள். பூட்டு உடைந்து மூடப்படவில்லை. உடைக்க முடியாமல் இருந்ததே காரணமாகிவிட்டது!

எதிர்ப்பக்கத்துக்கு ‘ஹஷ்மெயில்’. கனடாவின் என்கிரிப்ஷன் மின்னஞ்சல் நிறுவனம். கோர்ட் உத்தரவுப்படி அது 12 சி.டி. நிறைய வாடிக்கையாளர் மின்னஞ்சல்களை அமெரிக்க விசாரணைக்குக் கொடுத்தது 2007இல் வெளியே வந்தது. எப்படி முடிந்தது? வசதிக்காக வைத்திருந்த ஒரு முறையில் பாஸ்வேர்டு ஒரு நொடியாவது சர்வருக்குப் போய் வந்தது. அங்கே பிடித்தால் போதும். பிரவுசர் கருவிகளின் நிஜமான பலவீனம் இங்கேதான். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நிரல் புதிதாக இறங்குகிறது. பாஸ்வேர்டைப் பிடிக்கும்படி அதை நடத்துகிறவர் மாற்றிவிட முடியும். நேற்று நல்லதாக இருந்தது இன்றும் அப்படியே இருக்கும் என்பதற்கு, நடத்துகிறவரின் நாணயம் தவிர வேறு ஜாமீன் இல்லை. அதனால் மூலநிரலை வெளிப்படையாக வைத்திருக்கும் கருவியையே எடுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்த நிரலையே டவுன்லோட் செய்து சொந்தக் கணினியில் ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுப் பாஸ்வேர்டில் கோட்டை விடுகிறவர்களே அதிகம். நாம் டவுன்லோட் செய்யும் இ-ஆதார் பி.டி.எஃப்.பை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அதன் பாஸ்வேர்டு. இந்த விதி ஊருக்கே தெரியும். பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் தலையிலேயே வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. உங்களைத் தெரிந்தவருக்கு ஒரே முயற்சி போதும். தெரியாதவருக்கும் நான்கு எழுத்து, நூறு வருஷம் என்று கணக்குப் போட்டால் மொத்தம் நாலரைக் கோடி வாய்ப்புகளே. கணினிக்கு அது பெரிய வேலையில்லை.

நல்ல கருவிகள் இங்கே ஒரு முட்டுக்கட்டை போடுகின்றன. 2015இல் பாஸ்வேர்டு பாதுகாப்புக்கான சர்வதேசப் போட்டியில் வென்ற ‘ஆர்கான்2’ முறை, ஒவ்வொரு முயற்சிக்கும் வேண்டுமென்றே நேரத்தையும் மெமரியையும் தின்னும். உங்களுக்கு ஒரு விநாடி தாமதம். கோடிக்கணக்கில் முயல்கிறவனுக்குப் பெரும் செலவு. ஆனாலும் பலவீனமான பாஸ்வேர்டை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. பகடை உருட்டிச் சொல் எடுக்கும் ‘டைஸ்வேர்’ முறையைப் பாருங்கள். ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒன்று கிடைக்கும். அப்படி ஆறு சொல் சேர்த்தால் எவனும் ஊகித்து முடிக்க மாட்டான். சினிமாப் பாட்டின் முதல் வரி இதற்கு ஈடாகாது. ஊகிக்கிறவனும் அதே பாட்டைக் கேட்டவன்தான்.

இந்தப் பூட்டுக்கு ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற பொத்தான் கிடையாது. மறந்தால் கருவியை எழுதியவராலும் திறக்க முடியாது. அந்தச் சொற்களைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்று சிலர் மிரட்டுவார்கள். இணையத் திருடன் உங்கள் வீட்டு அலமாரிக்கு வரப்போவதில்லை.

கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். ‘அம்மா_உயில்’ என்று பெயரிருந்தால் உள்ளே பூட்டி என்ன பயன்? அசலின் நகல்கள் ரீசைக்கிள் பின், கூகுள் போட்டோஸ், வாட்ஸ்அப் என்று எங்கெல்லாம் சிதறியிருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். பிரவுசிங் சென்டர் கணினியில் மட்டும் இந்த வேலையே வேண்டாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்யும் நிரல் அதில் இருந்தால், பூட்டும்போதே சாவி போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு கோப்பைப் பூட்டி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு முக்கியமானவற்றைப் பூட்டலாம். அவற்றையும் ஒருமுறை திறந்து பார்க்காமல் அசலை அழிக்காதீர்கள்.

(தொடரும்)