புலங்களுக்கு வசப்படும் பேரணுக்கள்

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1970இல் உதகையில் நிறுவிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, விண்வெளியில் பெருத்து நிற்கும் அணுக்களின் சமிக்ஞைகளைப் பதிவுசெய்தது. ஆற்றல் ஏறி, வெளி எலெக்ட்ரான் கருவைவிட்டு வெகுவாக விலகிய இத்தகைய அணு ரிட்பெர்க் அணு எனப்படுகிறது. அணுவின் ஆரம், ஆற்றல் மட்டத்தின் வரிசை எண்ணான நிலை எண்ணின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், 273ஆம் நிலையிலிருந்து 272க்கு இறங்குவதாக உதகையில் அறியப்பட்ட ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் அகலம், அதாவது ஓர் இரத்தச் சிவப்பணுவின் அளவு உடையது.

கருவின் பிடி தளர்ந்த இவ்வணுக்கள் வெளிப்புலங்களுக்கு எளிதில் வசப்படுகின்றன. மின்புலத்தில் அணுவின் ஆற்றல் மட்டங்கள் பிளவுறுவதை 1913இல் இயற்பியலாளர் ஸ்டார்க் கண்டார். எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவையான மின்புலமோ நிலை எண் பத்து மடங்கானால் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. காந்தப்புலத்தின் செயல் இன்னும் வியப்பூட்டுவது: கருவின் ஈர்ப்புக்கு ஈடாக அது எலெக்ட்ரானை வளைக்கும்போது இயக்கம் ஒழுங்கிழக்கிறது, எனினும் 1969இல் இயற்பியலாளர்கள் கார்ட்டனும் டாம்கின்ஸும் பேரியம் அணுக்களில், எலெக்ட்ரான் விடுபடும் எல்லைக்கு அப்பாலும் சீரான இடைவெளியில் அலையலையாய் எழும் உட்கவர்தலைக் கண்டனர். எளிதில் நிலைகுலையும் இந்த இயல்பே ரிட்பெர்க் அணுவை மிக மெல்லிய மின்புலங்களை அளக்கும் கருவியாகவும் ஆக்கியுள்ளது.