499 ரூபாய் மென்பொருளின் விளம்பரக் கணக்கு

2007இல் ஆண்டி பிரைஸ் என்ற பிரிட்டிஷ் நிரலாளர் 1033 பதிவிறக்கத் தளங்களுக்கு ஒரே கோப்பை அனுப்பினார். கல்யாண விருந்தில் யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று திட்டமிடும் மென்பொருளை எழுதி விற்பவர் அவர். ஆனால் அனுப்பியது அந்த மென்பொருள் அல்ல. இந்த நிரல் எதையும் செய்யாது என்று சில வரிகள் தட்டிய வெறும் உரைக்கோப்பு. அதன் வாலில் மட்டும் 'இஎக்ஸ்இ' என்று மாற்றியிருந்தார். கிளிக் செய்தால் திறக்கக்கூடத் திறக்காது.

421 தளங்கள் நிராகரித்தன. 394 தளங்களிலிருந்து அவர் கணக்கு எழுதும் வரை பதில் இல்லை. 218 தளங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. சேர்த்தவற்றில் சில தளங்கள் 'உங்கள் மென்பொருளுக்கு விருது' என்று மின்னஞ்சலும் அனுப்பின. விருது முத்திரையை நிரலாளர் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டால், அதை அழுத்துகிறவர் நேரே அந்தத் தளத்துக்குப் போவார். தளத்துக்கு அதுதான் லாபம்.

இந்தக் கணக்கை மதுரை ஆரப்பாளையத்துக்குக் கொண்டுவருவோம். பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு கடைகளுக்கென்று ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு பில்லிங் மென்பொருள் எழுதுகிறார், விலை 499 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 90 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் எங்கே போடலாம்?

முதலில் நேரம். ஒரு தளத்தில் கணக்குத் திறந்து, விவரம் ஒட்டி, படம் ஏற்ற 10 நிமிடம் என்றால் 1033 தளங்களுக்கு 172 மணி நேரம். நாளுக்கு 8 மணி வீதம் 21 நாளுக்கு மேல். இந்தச் சுமையைக் குறைக்கத்தான் ஷேர்வேர் நிரலாளர் சங்கம் 1998இல் 'பேட்' என்ற கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. விவரங்களை ஒருமுறை நிரப்பினால் போதும், எல்லாத் தளங்களும் அதையே படித்துக்கொள்ளும். 45, 80, 250, 450, 2000 எழுத்துகள் என்று ஐந்து அளவில் விளக்கம் கேட்டது அது. அனுப்புவதற்கும் தானியங்கி மென்பொருள்கள் வந்தன. 172 மணி நேரம் மிச்சமானது. ஆனால் அனுப்புவதும் ஏற்பதும் இயந்திரமானபோது, நடுவில் மென்பொருளைத் திறந்து பார்க்க ஆள் இல்லாமல் போனது. உரைக்கோப்புக்கு விருது கிடைத்தது இப்படித்தான்.

இதற்கு முந்திய காலத்தில் பரப்பியவருக்கே பங்கு கொடுத்தார்கள். 1983இல் வந்த பிசி-ரைட் என்ற சொற்செயலியின் வட்டு 10 டாலர், பதிவுக் கட்டணம் 75 டாலர். நீங்கள் நகலெடுத்துக் கொடுத்தவர் பணம் கட்டினால் உங்களுக்கு 25 டாலர். மூன்று பேரைச் சேர்த்தால் கட்டிய 75 திரும்பிவிடும். தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுத்ததால் நம்பிக்கையும் வட்டோடு சேர்ந்தே போனது.

பதிவிறக்கத் தளங்களில் முதலில் கெட்டது அந்த நம்பிக்கை. 2011 டிசம்பரில், டவுன்லோட்.காம் தன் நிறுவியில் 'என்மேப்' மென்பொருளைச் சுற்றி வேறொரு டூல்பாரையும் சேர்த்துத் தருகிறது என்று என்மேப்பை எழுதியவரே பகிரங்கமாகப் புகார் சொன்னார். 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் 'கிம்ப்' மென்பொருளுக்கும் இதே கதி. 1993இல் தொடங்கிய டூகவ்ஸ், நட்சத்திரத்துக்குப் பதில் பசுமாடு கொடுத்து மதிப்பிட்ட தளம், 2021இல் பதிவிறக்கப் பிரிவையே மூடிவிட்டது.

இன்றைய செலவுக்கு வருகிறேன். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே முறை 25 டாலர், 2,250 ரூபாய். ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரையிலான விற்பனையில் 15 விழுக்காடு அவர்களுக்கு. 499இல் 74 ரூபாய் 85 காசு போக, கைக்கு 424 ரூபாய் 15 காசு. ஆறாவது வாடிக்கையாளரோடு முதல் திரும்பிவிடும். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர், 8,910 ரூபாய். சிறு நிறுவனத் திட்டத்தில் சேர்ந்தால் அங்கும் 15 விழுக்காடுதான். 21 பேர் வாங்கினாலும் 2 ரூபாய் 85 காசு குறைகிறது. 22ஆவது ஆள் வேண்டும், அதுவும் ஒவ்வோர் ஆண்டும். ஆரப்பாளையத்துக் கடை மேசைகளில் ஐபோன் எத்தனை இருக்கும் என்று பார்த்துவிட்டு இந்தப் பணத்தைக் கட்டலாம்.

விண்டோஸ் கணினியில் விற்பதென்றால் செலவு வேறு வகை. கையெழுத்துச் சான்றிதழ் இல்லாத நிறுவியைத் திறந்தால் நீல நிறத்தில் எச்சரிக்கைப் பலகை வந்து நிற்கும். கடைக்காரர் அங்கேயே நிறுத்திவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. சான்றிதழ் ஆண்டுக்கு 250 டாலர் என்று வைத்தால் 22,500 ரூபாய். யுபிஐயில் நேராக வாங்கினால் கமிஷன் இல்லை, ஆனாலும் 46 பேர் வாங்கிய பிறகுதான் அந்தப் பணம் திரும்பும். சான்றிதழ் வாங்கிய அன்றே எச்சரிக்கை மறைந்துவிடாது, பெயர் சேர நாளாகும். இருந்தாலும் 1033 தளங்களில் ஏற்றும் உழைப்பைவிட இந்த 22,500 மேல் என்பேன். இது வாங்குகிறவரின் கண் முன்னால் வேலை செய்யும் செலவு.

புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்களிடம் கூகுள் இன்னொன்றும் கேட்கிறது: வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். 2023இல் இந்த விதி வந்தபோது 20 பேர். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு இதுதான் மொத்தக் கணக்கிலும் நல்ல வரவாகப் படுகிறது. டீக்கடை, மருந்துக்கடை, செல்போன் ரீசார்ஜ் கடை என்று ஒரே தெருவில் 12 பேர் கிடைப்பார்கள். அவர்கள் வைக்கும் முதல் கேள்வி எந்தத் தளத்தின் படிவத்திலும் இருக்காது: "தம்பி, நம்ம பிரிண்டர்ல தமிழ் வருமா?"

நியாயமான கேள்வி. 58 மில்லிமீட்டர் தாளில் அடிக்கும் சிறு பிரிண்டரின் சொந்த எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இராது. பில்லைப் படமாக மாற்றி, ஒரு வரிசைக்கு 384 புள்ளி வீதம் அனுப்பினால்தான் 'து. பருப்பு' என்று அச்சாகும். அதைச் செய்திருந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். இடமோ குறைவு: பிளேயில் பெயருக்கு 30, சிறு விளக்கத்துக்கு 80. நாம் ஏழு எழுத்தாக எண்ணும் 'ஆரப்பாளையம்', புள்ளியும் காலும் தனித்தனியாகச் சேர்ந்து யுனிகோடில் 11 குறியீடு. ஊர்ப் பெயரை வைத்தாலே 30இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். '58 மிமீ பிரிண்டரில் தமிழ் பில். நெட் வேண்டாம்' என்பது 45 குறியீடுதான். பழைய பேட் கோப்பின் மிகச் சிறிய கட்டத்தில்கூட அடங்கும். கடைக்காரர் தேடும்போது தட்டும் சொற்களும் இவையே.

ஆக, தனியாக எழுதுபவருக்கு என் பட்டியல் சிறியது. பிளேக்கு 2,250, சொந்தப் பெயரில் ஓர் இணையப் பக்கம், விண்டோஸ் என்றால் கையெழுத்துச் சான்றிதழ். நூற்றுக்கணக்கான தளங்களில் ஏற்றித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். நீங்கள் கடை வைத்திருப்பவராக இருந்து, இப்படி ஒருவர் எழுதிய மென்பொருள் உங்களுக்கு உதவியிருந்தால், அதன் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். எந்தப் பிரிண்டர், எத்தனை மாதமாக ஓடுகிறது என்று எழுதினால் போதும்.