தாத்தாவின் வீவக வீட்டைப் பேத்தி வாங்க முடியுமா? புக்கிட் மேராவில் தலைமுறைகளைப் பிரிக்கும் வீட்டுக் கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புக்கிட் மேராவில் 1974இல் கட்டி முடிக்கப்பட்ட புளோக்கில் ஒரு நான்கறை வீடு. அதை வாங்கியபோது தாத்தாவுக்கு 28 வயது. இன்று பேத்திக்கு 30. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதே வட்டாரத்தில் வீடு தேடுகிறார். "எதுக்கும்மா வெளியில தேடுற? தாத்தா வீட்டையே வாங்கிக்கோயேன்" என்கிறார்கள் உறவினர்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தாத்தாவுக்கு ஓய்வுக்காலப் பணம் கிடைக்கும். பேத்திக்கு வீடு கிடைக்கும். வீடும் குடும்பத்தை விட்டுப் போகாது. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் இடிக்கிறது.

இடிப்பது எங்கே?

வீவக வீட்டை நாம் "சொந்த வீடு" என்று சொன்னாலும் அது 99 ஆண்டுக் குத்தகை. 1974இல் தொடங்கியது 2073இல் முடியும். 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி மிச்சம் 48 ஆண்டுகள்.

2019 மே மாதத்திலிருந்து ஒரு விதி நடப்பில் இருக்கிறது. வீடு வாங்க மத்திய சேம நிதியை முழு அளவில் பயன்படுத்த வேண்டுமென்றால், வாங்குபவர்களில் ஆக இளையவருக்கு 95 வயதாகும்வரை அந்த வீட்டின் குத்தகை நீடிக்க வேண்டும். 30 வயதுப் பேத்திக்கு 65 ஆண்டுகள் தேவை. தாத்தா வீட்டில் இருப்பதோ 48. பேத்திக்கு 78 வயதாகும்போது குத்தகை முடிந்துவிடும். அதனால் அவர் எடுக்கக்கூடிய சேம நிதித் தொகை அந்த விகிதத்தில் குறையும். வீவக கடனும் அதே போலக் குறையும். மிச்சத்தை ரொக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

இதே வீட்டை 47 வயதான ஒருவர் வாங்கினால் அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதாவது, முதல் வீடு தேடும் வயதில் இருப்பவருக்குக் கதவு பாதிதான் திறக்கிறது. ஏற்கெனவே ஒரு வீட்டை விற்றுவிட்டு வருபவருக்கு முழுதாகத் திறக்கிறது. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. முதுமையில் வீடில்லாமல் யாரும் நிற்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஆனால் விளைவு, தாத்தாவின் வீட்டைப் பேத்தி எளிதில் வாங்க முடியாது என்பது.

சரி, புது வீட்டுக்கு அருகில் உள்ள வீடு?

அக்கம்பக்கத்தில் புதிய புளோக்குகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. விலையைப் பாருங்கள். 2024இல் ஹெண்டர்சன் சாலையில் ஐந்தறை வீவக வீடு ஒன்று 1.5 மில்லியன் வெள்ளிக்கும் மேல் கைமாறியது. தீவு முழுவதும் அந்த ஆண்டில் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டிய மறுவிற்பனைகள் ஆயிரத்துக்கும் அதிகம். மறுவிற்பனை விலைகள் 2021இல் 12.7 விழுக்காடு ஏறின, 2022இல் 10.4 விழுக்காடு, 2023இல் 4.9 விழுக்காடு. 2025இல் ஏற்றம் வெகுவாகத் தணிந்தது. ஆனால் ஏறிய விலை இறங்கிவிடவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மில்லியன் வெள்ளிக்கு விற்றவர்களில் பலர் தாத்தா தலைமுறையினர் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தேவைக்கேற்பக் கட்டித் தரப்படும் வீட்டுக்கு (எல்லாரும் சொல்வதுபோல் சொன்னால், பிடிஓ) விண்ணப்பித்து, குலுக்கலில் எண் விழுந்து, மானிய விலையில் வாங்கி, ஐந்தாண்டு குடியிருந்துவிட்டு விற்றவர்கள். பேத்திக்கு அண்ணன், அக்கா வயதுதான் இருக்கும். ஆகவே பிளவு கிழவர்களுக்கும் இளையர்களுக்கும் நடுவில் மட்டும் இல்லை. சரியான ஆண்டில் குலுக்கலில் ஜெயித்தவர்களுக்கும் அதற்குப் பின் வந்தவர்களுக்கும் நடுவிலும் இருக்கிறது.

"அதிர்ஷ்டக் குலுக்கு" என்று பலர் குறைப்பட்டதால்தான் அரசாங்கம் விதிகளை மாற்றியது. 2021 நவம்பரில் நகர மையத்துக்கு அருகிலுள்ள புதிய வீடுகளுக்குத் தனித் திட்டம் வந்தது. 2024 அக்டோபரிலிருந்து எல்லாப் புது வீடுகளும் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூன்று வகை. 2025 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புக்கிட் மேரா வீடுகள் பிரைம் வகை. முன்பு கெப்பல் கிளப் கோல்ஃப் திடல் இருந்த இடத்தில் எழும் பெர்லாயார் குடியிருப்பும் அவற்றில் ஒன்று.

பிரைம் வீட்டை வாங்கினால் ஐந்து ஆண்டுகளுக்குப் பதில் பத்து ஆண்டுகள் குடியிருக்க வேண்டும். முழு வீட்டையும் ஒருபோதும் வாடகைக்கு விட முடியாது. விற்கும்போது கூடுதல் மானியத்துக்காக ஒரு பங்கை வீவகவிடம் திருப்பித் தர வேண்டும். உங்களிடமிருந்து வாங்குபவருக்கும் வருமான வரம்பு உண்டு. வீட்டை வைத்துப் பணம் பண்ணும் வழியை அடைக்க இப்படித்தான் செய்ய வேண்டும் என்று வாதிடலாம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் ஹெண்டர்சன் சாலையில் 1.5 மில்லியனுக்கு விற்றவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை என்பது பேத்தியின் கண்ணில் படாமல் போகுமா?

மானியங்கள் இல்லாமல் இல்லை. முதல்முறை வாங்கும் குடும்பங்களுக்கு 120,000 வெள்ளிவரை கிடைக்கலாம். அந்த உச்சத் தொகை மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தம்பதிக்கு 20,000 வெள்ளி, பெற்றோருடன் சேர்ந்து வசித்தால் 30,000.

கல்யாணம் ஆகாவிட்டால்?

இங்குள்ள இளையர்கள் காதலைச் சொல்லும் விதம் பற்றி ஒரு நகைச்சுவை உண்டு. "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்கமாட்டார்களாம், "பிடிஓ போடலாமா?" என்றுதான் கேட்பார்களாம். சிரிப்புக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஒற்றையர்கள் வீவக வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் அவர்கள் புக்கிட் மேரா போன்ற முதிர்ச்சியடைந்த பேட்டைகளில் புது வீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இப்போது எல்லா இடங்களிலும் முடியும், ஆனால் ஈரறை வீடு மட்டும். பாட்டாளிக் கட்சி இந்த வயது வரம்பை 28க்குக் குறைக்கச் சொல்கிறது.

பிரிட்டனில் நடந்தது இங்கும் நடக்கிறதா?

வீட்டு விலை தலைமுறைகளைப் பிரித்து, அந்தப் பிளவு வாக்குப் பெட்டிவரை போன நாட்டுக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் பிரிட்டன். 1980இல் மார்கரெட் தாட்சர் அரசாங்கம் நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளச் சட்டம் இயற்றியது. வாங்கியவர்கள் செல்வம் சேர்த்தார்கள். விற்றுத் தீர்ந்த வீடுகளுக்கு ஈடாகப் போதிய வீடுகள் கட்டப்படவில்லை. அடுத்த தலைமுறை தனியாரிடம் வாடகைக்குப் போனது. 2019 தேர்தலுக்குப் பின் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்தாய்வில், 39 வயதைத் தாண்டியவர்கள் கன்சர்வேட்டிவ் பக்கமும் அதற்குக் கீழே இருந்தவர்கள் லேபர் பக்கமும் சாய்ந்தது தெரிந்தது. வர்க்கத்தைவிட வயது பெரிய கோடாகிவிட்டது. அதற்கு வீடு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, பிரெக்சிட்டும் இருந்தது.

சிங்கப்பூரில் வயதுவாரியாக யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்று பிரித்துக் காட்டும் அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. ஆனால் வீடு அரசியலைத் தொட்ட தருணங்கள் தெளிவாகவே தெரிகின்றன.

2011 பொதுத் தேர்தலில் புது வீடு கிடைக்கவில்லை, விலை எட்டவில்லை என்ற கோபம் பெரிதாக இருந்தது. மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் 60.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. அல்ஜுனிட் குழுத்தொகுதி பாட்டாளிக் கட்சியிடம் போனது. தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த மா பாவ் டான் அமைச்சரவையிலிருந்து விலகினார். அடுத்து வந்த காவ் பூன் வான் பிடிஓ வீடுகளின் விலையை மறுவிற்பனைச் சந்தையிலிருந்து பிரித்தார். 2020இல் இளம் குடும்பங்கள் நிறைந்த செங்காங் பாட்டாளிக் கட்சி வசமானது. ஆனால் வீட்டு விலை உச்சத்தில் இருந்த 2025இல் மக்கள் செயல் கட்சியின் விகிதம் 65.57க்கு ஏறியது. பிரிட்டனின் கதையை இங்கே அப்படியே ஒட்டிப் பார்க்க முடியாது.

புக்கிட் மேராவுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. இவ்வட்டாரத்தின் பல பகுதிகள் அடங்கிய தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991 முதல் 2011வரை ஐந்து தேர்தல்களிலும் போட்டியே இல்லை. 2015இல்தான் முதல் போட்டி. அங்கேயே இருந்துவிட்ட தாத்தாக்கள் பலர் நடுவயது முழுவதையும் பொதுத் தேர்தலில் வாக்களிக்காமலே கழித்தார்கள். பேத்திக்கோ வாக்களிக்கும் வயது வந்தபோதே வாக்குச் சாவடியும் இருந்தது.

ஒரே குடும்பம், இரண்டு ஆசை

பிரிட்டனில் வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் பெரும்பாலும் வெவ்வேறு குடும்பம். இங்கே சிங்கப்பூர்வாசிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ எண்மர் வீவக வீட்டில் வசிக்கிறார்கள், பெரும்பாலோர் உரிமையாளர்கள். விலை ஏறினால் தாத்தாவுக்குச் சந்தோஷம், பேத்திக்கு வேதனை, நடுவில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இரண்டும். சேம நிதியைப் போட்டு வாங்கிய வீடுதான் பலருக்கு ஓய்வுக்காலச் சேமிப்பு. 1968லிருந்து அரசாங்கமே அதற்கு வழி செய்தது. விலை இறங்க வேண்டும் என்று எந்தக் கட்சியும் உரக்கச் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

எதிர்க்கட்சிகளின் யோசனைகளிலும் இது தெரிகிறது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி முன்வைத்த திட்டப்படி, புது வீடு வாங்கும்போது நிலத்தின் விலையைக் கட்ட வேண்டாம், பிறகு பொதுச் சந்தையில் விற்றால் மட்டும் கட்டினால் போதும். பழைய வீட்டுக்காரரைத் தொடாமல் புதியவருக்கு விலையைக் குறைக்கும் வழி அது. நிலம் நாட்டின் இருப்புநிதியைச் சேர்ந்தது, அதைக் குறைத்துக் கொடுப்பது இருப்பிலிருந்து எடுப்பதற்குச் சமம் என்று அரசாங்கம் மறுத்தது. பேத்தியின் வீட்டு விலைக்கும் பேத்தியின் பிள்ளைகளுக்கான சேமிப்புக்கும் இடையில் நடந்த வாதம் என்றே அதைப் படிக்கலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு முடிச்சு. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் கூட்டம் சுருங்கும்; விலையும் படியும். மிகச் சிரமப்படும் விற்பனையாளர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. தாத்தா விற்கப்போகும்போது முதலில் பார்க்க வேண்டியது புளோக்கின் இன விகிதத்தை. வீவக இணையத்தளத்தில் முகவரியைப் போட்டாலே தெரிந்துவிடும்.

ஏன் விற்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்றும் சொல்லலாம். பல தாத்தாக்களின் விருப்பமும் அதுதான். 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்த வட்டாரம் இது. அத்தாப்புக் குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்கு அந்த வீடு வெறும் சொத்தாகத் தெரியாது. அலெக்சாண்டிரா செங்கல் சூளைத் தொழிலாளர்கள் கும்பிட்ட ஸ்ரீ ருத்ர காளியம்மன் இன்று டெப்போ சாலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் ஒரு கணக்குதான்.

குத்தகை முடிந்தால் என்ன ஆகும்?

வீடு இழப்பீடின்றி அரசாங்கத்திடம் போகும். இதை 2017இல் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங், இன்றைய பிரதமர், வெளிப்படையாக எழுதினார். எல்லாப் பழைய வீடுகளுக்கும் சேர்ஸ் மறுமேம்பாட்டுத் திட்டம் வரும் என்று நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள் என்றார். அதுவரை "எப்படியும் அரசாங்கம் எடுத்துக்கிட்டுப் புது வீடு கொடுக்கும்" என்பதே காப்பிக்கடைப் பேச்சாக இருந்தது. உண்மையில் சுமார் 5 விழுக்காட்டு வீடுகளே சேர்ஸுக்குத் தகுந்தவை.

அடுத்த ஆண்டு, 2018 தேசிய தினக் கூட்ட உரையில், வெர்ஸ் என்ற திட்டத்தை லீ சியென் லூங் அறிவித்தார். ஏறத்தாழ 70 வயதான பேட்டைகளில் குடியிருப்பாளர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால் அரசாங்கம் குத்தகை முடியுமுன்பே வீடுகளை வாங்கிக்கொள்ளும். இழப்பீடு சேர்ஸ் அளவுக்கு இருக்காது. முதல் பேட்டைகளில் அது அடுத்த பத்தாண்டின் முற்பாதியில் தொடங்கும் என்று அமைச்சர் சீ ஹொங் டாட் 2025இல் சொன்னார்.

நம் கற்பனைத் தாத்தாவின் புளோக்குக்கு 70 வயதாவது 2044இல். அப்போது தாத்தாவுக்கு 98 வயது. வெர்ஸ் வாக்குச்சீட்டு அந்த வீட்டுக்கு வந்தால் அதில் கையெழுத்திடப்போவது பெரும்பாலும் 49 வயதுப் பேத்தியாகவோ அவருடைய அப்பாவாகவோதான் இருக்கும்.